இரண்டு டிஸ்க் பெட்டி

கடைக்காரர் ஹார்ட் டிஸ்க் போடுகிற பெட்டியின் முன்மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த தட்டை விரல்நுனியால் இழுத்துக் காட்டினார். அப்போது என் கொழுந்தன் கேட்ட கேள்விதான் என்னைக் குத்தியது.

"இதுல ஒரு டிஸ்க்க மட்டும் உருவி, இதே மாதிரி வேற பெட்டியில போட்டா படிக்குமாண்ணே?"

சாதாரணமாகத்தான் கேட்டான். கடைக்காரரும் சாதாரணமாகத்தான், இதே கம்பெனிப் பெட்டி என்றால் தாராளமாகப் படிக்கும் என்றார். என் கணவர் அந்த நேரம் விலைச்சீட்டைத் தலைகீழாகப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார். கேள்வி அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. விழுந்தாலும் இவருக்கு உறைக்காது என்று நினைத்துக்கொண்டேன். ஊரே தீப்பிடித்தாலும் வெளிச்சம் நன்றாக இருக்கிறதே என்று கேமராவை எடுக்கிற மனுஷன்.

எங்கள் ஸ்டுடியோவில் மூன்றே பேர். இவர் போட்டோ, இவர் தம்பி வீடியோ. மிச்சமெல்லாம் நான். ஆல்பம் அடுக்குவது, பில் போடுவது, கண்ணை மூடிக்கொண்ட படத்தில் கண்ணைத் திறந்துவிடச் சொல்கிறவர்களுக்குப் பொறுமையாகப் பதில் சொல்வது. இத்தனை வருட வேலையும் கையகல ஹார்ட் டிஸ்குகளில் கிடந்தது. என் மகளுக்குச் சின்னதாகிப்போன ஸ்கூல் சாக்ஸுகளுக்குள் ஒவ்வொன்றாக நுழைத்து மேஜை இழுப்பறையில் வைப்போம். கீழே விழுந்தாலும் அடிபடாது என்று தம்பி கண்டுபிடித்த வழி அது. புதிதாக வருகிறவர்கள் இழுப்பறையைப் பார்த்துவிட்டு, இது ஸ்டுடியோவா சலவைக்கடையா என்பார்கள். நாங்களும் சிரிப்போம். எந்த சாக்ஸில் எந்தக் கல்யாணம் இருக்கிறது என்பது எங்கள் மூன்று பேருக்கு மட்டும்தான் தெரியும்.

அந்தச் சிரிப்பெல்லாம் ஒரு கல்யாணத்தோடு நின்றுபோனது. இரண்டு பேரும் எடுத்ததை இவர் ஒரே டிஸ்கில் ஏற்றினார். இன்னொரு காப்பி எடுத்துவிடுங்கள் என்று தம்பி அப்போதே சொன்னான். சாப்பிட்டுவிட்டு எடுக்கலாம் என்றார் இவர். சாப்பிட்டார், தூங்கினார், மறந்தார். தம்பி தன் கேமரா கார்டுகளை அழித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டான். அந்த வாரமே டிஸ்க் டக்டக்கென்று பல்லி மாதிரி சத்தம் போட்டுச் செத்தது. இவருடைய கார்டு பைக்குள் அழிக்காமலே கிடந்ததால் போட்டோ பிழைத்தது. வீடியோ மொத்தமும் போனது. கல்யாணப் பெண்ணின் அப்பா முன்னால் போய் நின்றது தம்பிதான். எடுத்தவன் அவன், பதில் சொல்ல வேண்டியவனும் அவன் என்று ஆகிவிட்டது. அந்த மனிதர் கத்தவில்லையாம். பொண்ணு தாலாட்டுப் பாடின மாதிரி ஒரு பாட்டு எனக்காகப் பாடினாளே, அதுவுமா போச்சு என்று மட்டும் கேட்டாராம். வந்து அதைச் சொன்னவன், பிறகு அதைப்பற்றிப் பேசவே இல்லை. அண்ணனைக் குறை சொல்லியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவன் மரியாதையாகப் பேச ஆரம்பித்தான். வீட்டுக்குள் மரியாதை கூடினால் ஏதோ குறைகிறது என்று அர்த்தம்.

போன மாதம் ஆல்பம் பைண்டிங் செய்கிறவர், தம்பி பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு கடையறை பார்த்திருக்கிறானாமே, தனியாக ஸ்டுடியோ போடவா என்று என்னிடம் கேட்டார். தெரியாது என்றேன். இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று தெரியாத பயம். சொல்லாவிட்டால் நடக்காமலே போய்விடும் என்கிற அசட்டு நம்பிக்கையும்தான். தம்பி போய்விட்டால் ஸ்டுடியோ பாதியாகும் என்பது ஒரு பக்கம். எனக்கு அது பெரிதில்லை. நான் கல்யாணமாகி வந்தபோது அவன் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தான். என் சமையல் வாயில் வைக்க முடியாமல் இருந்த காலத்தில் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்ட ஒரே ஆள் அவன். அவன் இல்லாத மேஜையை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அதனால்தான் கடையில் அந்தக் கேள்வி என்னை அப்படிக் குத்தியது.

கடைக்காரர் பொறுமைசாலி. நாலு டிஸ்க் போடுகிற பெட்டி உங்களுக்கு வேண்டாம், எலி பிடிக்க யானை எதற்கு என்று அதை அவரே ஒதுக்கிவிட்டார். இரண்டு டிஸ்க் பெட்டி போதும், நெட்வொர்க் கேபிளைச் செருகிவிட்டால் மூன்று கம்ப்யூட்டரிலிருந்தும் அதற்குள் போட்டு எடுக்கலாம். ஆனால் டிஸ்குகளை எப்படி வைப்பது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றார். இரண்டையும் ஒன்றாகக் கோத்துவிடலாம். முழு இடமும் கிடைக்கும், ஆனால் ஒன்று போனாலும், ஒன்றை உருவினாலும், இரண்டுமே குப்பை. இல்லையென்றால் ஒன்றில் எழுதுவதையெல்லாம் அப்படியே மற்றதிலும் எழுத வைக்கலாம். பாதி இடம்தான் கிடைக்கும், ஆனால் ஒவ்வொன்றிலும் எல்லாம் முழுசாக இருக்கும்.

"அழிச்சா மட்டும் ரெண்டுலயும் அழிஞ்சிரும், அதுல கவனமா இருங்க. மத்தபடி அண்ணன் தம்பி மாதிரிதான். தம்பி உடையான் படைக்கு அஞ்சான்னு சும்மாவா சொன்னாங்க," என்று தன் பேச்சுக்குத் தானே சிரித்தார்.

நாங்கள் மூன்று பேரும் சிரிக்கவில்லை. பாவம், அவர் பில் புத்தகத்தைத் தேட ஆரம்பித்தார்.

எனக்கு அந்த நேரத்தில் புத்தி போன போக்கை என்ன சொல்ல. கோத்துவிட்டால் ஒருவரும் எதையும் உருவிக்கொண்டு போக முடியாது என்று தோன்றியது. ஒரு டிஸ்க் செத்தால் அத்தனை வேலையும் சாகும் என்று எனக்குத் தெரியும். பெண்ணின் அப்பா கதையைக் கேட்டவள்தான் நான். ஆனாலும் வாய் முந்திக்கொண்டது.

"பாதி இடம் வீணா போகுதேங்க. ஒண்ணா கோத்துடச் சொல்லுங்களேன்."

தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் கண்ணாடி அலமாரியில் இருந்த கேபிள்களை ஏதோ வாங்கப்போகிறவள் போலப் பார்த்தேன். வீணாக்குவது என்ற சொல்லைக் கேட்டாலே இவர் என் பக்கம் சாய்ந்துவிடுவார். பற்பசைக் குழாயைக் கத்தரித்து உள்ளே வழிக்கிற ஆள். அந்த தைரியத்தில்தான் சொன்னேன்.

இவர் விலைச்சீட்டை மேஜையில் வைத்தார்.

"வேண்டாம். ரெண்டுலயும் முழுசா இருக்கட்டும்," என்றார்.

தம்பி வண்டி எடுக்கப் போனான். நாங்கள் இரண்டு பேரும் அட்டைப்பெட்டியை நடுவில் வைத்துக்கொண்டு கடைவாசலில் நின்றோம். உங்களுக்கு விஷயமே தெரியாது என்று ஆரம்பித்தேன். அவர் தெருவைப் பார்த்தபடியே பேசினார்.

"அந்தக் கடையறை ஓனர் என்னைத்தான் வந்து கேட்டாரு. உங்க தம்பிக்கு நம்பிக் குடுக்கலாமான்னு. தாராளமா குடுங்க, என்னைவிடப் பொறுப்பானவன்னு சொல்லிட்டு வந்தேன்."

"உங்ககிட்ட தம்பி ஒண்ணும் சொல்லலையே."

"சொல்ல முடியாம தவிக்கிறான். அவன் எடுத்ததை நான் தொலைச்சேன். வெறுங்கையோட போகச் சொல்லுவியா?"

இத்தனை வருடம் ஒன்றும் உறைக்காது என்று நான் எடைபோட்டு வைத்திருந்த மனிதர், எல்லாவற்றையும் கேட்டு, எல்லாவற்றையும் மனசுக்குள் போட்டு வைத்திருக்கிறார். கோபம் வந்தது. கூடவே அழுகையும் வந்தது. வண்டி வந்துவிட்டதால் இரண்டையும் விழுங்கிவிட்டுப் பெட்டியைத் தூக்கினேன்.

ஸ்டுடியோவில் தம்பிதான் எல்லாம் மாட்டினான். டிஸ்குகளைத் தட்டில் பொருத்தி உள்ளே தள்ளியபோது க்ளிக் க்ளிக்கென்று இரண்டு சத்தம். முதல் விளக்கு பச்சையாக நின்றது. இரண்டாவது மினுக்கத் தொடங்கியது. இரண்டும் ஒன்றுபோல ஆகும்வரை அது மினுக்கும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். நான் ஒவ்வொரு சாக்ஸாக உருவி டிஸ்குகளைக் கொடுத்தேன், இவர் கம்ப்யூட்டரில் செருகிக் காப்பி போட்டார். யாருடைய வேலை எது என்று பிரிக்கவில்லை. தம்பியின் வீடியோக்களைத்தான் முதலில் ஏற்றினார். ஏறி முடிந்த ஒவ்வொன்றையும் திறந்து, ஆரம்பம், நடு, கடைசி என்று ஓடவிட்டுப் பார்த்தார். இவர் எதையும் சரிபார்த்து இதுவரை நான் பார்த்ததில்லை.

தம்பி பெட்டியின் முன்னால் குந்தி உட்கார்ந்திருந்தான். விரல் இரண்டாவது தட்டின் பிடிமேல் இருந்தது. இழுக்கவில்லை, சும்மா வைத்திருந்தான்.

"இப்ப எடுக்காதடா," என்றார் இவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இன்னும் ஏறிக்கிட்டிருக்கு. இப்ப எடுத்தா பாதிதான் இருக்கும். முழுசா ஏறட்டும், அப்புறம் எடுத்துக்க."

தம்பி கையை எடுத்துவிட்டான். அண்ணனின் முதுகையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது.

"எவ்வளவு நேரமாகும்ணே?" என்றான் கடைசியில்.

"ஆகும். அவசரமா உனக்கு?"

"இல்லண்ணே."

ஒரு மெஷின் மெதுவாக ஓட வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டது அன்றைக்குத்தான். கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல், காலியான சாக்ஸுகளை ஜோடி சேர்த்து மடிக்க ஆரம்பித்தேன். தம்பி எழுந்து வந்து மேஜைப் பக்கத்தில் நின்றான்.

"அண்ணி, இந்த சாக்ஸு இனிமே உங்களுக்கு வேணுமா?"

"எதுக்கு?"

"பெரிய டிஸ்க்கு. கையில வச்சுத் தூக்கிட்டுப் போனா தட்டிரும்."

அவ்வளவு பெரியது இதில் நுழையுமா என்று கேட்டேன். இழுத்துப் போட்டால் நுழையும் என்றான். எது நல்ல ஜோடி என்று தேடினேன். எலாஸ்டிக் தளராத, ஓட்டை விழாத ஜோடியாக ஒன்றை எடுத்து நீட்டினேன். அவன் அதை வாங்கி, பிரித்து, ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

"ஒண்ணு போதும் அண்ணி," என்று மற்றதை என் கையிலேயே திருப்பி வைத்தான்.

இவர் அடுத்த டிஸ்கைக் கேட்டுக் கையை நீட்டியபடி இருந்தார். எனக்குக் கொடுக்கத் தோன்றவில்லை. அந்த ஒற்றை சாக்ஸைக் கையில் வைத்துக்கொண்டு, இரண்டாவது விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது இன்னும் மினுக்கிக்கொண்டுதான் இருந்தது.