இரண்டு ஜீப்பும் ஒரு தீர்ப்பும்

சொத்துப் பிரித்தபோது ஞானசௌந்தரியை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் கோபமே அவளுக்கு இன்னும் அடங்கவில்லை. அதற்குள் இதுவும் வந்து சேர்ந்தது.

நைனா செத்த வருஷம் அது, எழுபத்தொன்று. சித்தூர் வீட்டைக் கூறுபோட மூத்தவன் கிருபானந்தமும் இளையவன் அசரியாவும் சபை மூப்பர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். வீடு ஆளுக்குப் பாதி ஆனது. கல்யாணம் கட்டாமல் கடைசிவரை நைனாவுக்குக் கஞ்சி ஊற்றிய நடுப்பிள்ளை ஞானசௌந்தரிக்கு மலைமேல் இருந்த மாந்தோப்பைத் தள்ளிவிட்டார்கள். திருப்பதி ரோட்டிலிருந்து பிரிந்து, மணல் ஓடையைத் தாண்டி, செங்குத்தாக ஏறுகிற தடம். மாட்டுவண்டி ஏறாது. நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற ஜீப்தான் ஏறும். "வருசா வருசம் உன் மாங்காவ நாங்க எறக்கித் தர்றோம்" என்று அண்ணனும் தம்பியும் மூப்பர்கள் முன்னால் வாக்குக் கொடுத்தார்கள். அந்த வாக்கு இல்லாவிட்டால் அவள் பங்கு வெறும் மலைதான்.

ஜீப்பில்தான் வந்தது வினை. நைனாவிடம் இரண்டு ஜீப் இருந்தன. ஒன்று பட்டாளத்து ஏலத்தில் எடுத்த கிழட்டு வண்டி. மற்றது பின்னால் வாங்கிய புதுசு. புதுசை மூத்தவன் எடுத்துக்கொண்டான்.

"அவருக்குப் புதுசு, எனக்கு மட்டும் எண்ணெ ஒழுவுற வண்டியா?" என்று அசரியா துண்டை உதறிக்கொண்டு எழுந்தான்.

நியாயம் சொல்ல வருகிறவர்களுக்கு ஒரு அவசரம் உண்டு. மத்தியானச் சோற்றுக்குள் முடித்தாக வேண்டும். பெரிய மூப்பர் பாலையா கண்ணை மூடி, திறந்து, தீர்ப்பைச் சொன்னார். புது வண்டியின் பின் ஆக்சிலை, சக்கரம் கோத்த அச்சோடு அப்படியே கழற்றிப் பழையதில் மாட்ட வேண்டியது. பழையதின் பின் ஆக்சிலைப் புதுசில் மாட்ட வேண்டியது. "ஒருத்தனுக்கு முன்பக்கம் புதுசு, ஒருத்தனுக்குப் பின்பக்கம் புதுசு. பாதிக்குப் பாதி. யாருக்கும் கொறை இல்ல" என்றார்.

எல்லோரும் தலையாட்டினார்கள். ஆமென் சொல்லாத குறைதான். மெக்கானிக் அப்பாவு வந்து இரண்டையும் மாற்றிப் போட்டான். அகலம் ஒத்துப்போனது, போல்ட்டெல்லாம் பொருந்தி உட்கார்ந்தன. அண்ணனும் தம்பியும் அன்றோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

நல்ல ரோட்டில் இரண்டு வண்டியும் ஒழுங்காகத்தான் ஓடின. தோப்பில் காய் பறித்துக் குவித்த பிறகுதான் வண்டவாளம் தெரிந்தது.

முதலில் அசரியா வந்தான். ஞானசௌந்தரி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஓடை மணலில் பின்சக்கரம் குழி பறிக்க ஆரம்பித்ததும் அவன் வழக்கம்போல முன்சக்கரங்களையும் இழுக்க விடும் கியரைப் போட்டான். வண்டி தட்டுத் தடுமாறி மணலைக் கடந்தது. ஏற்றத்துப் பாறையில் கால் வைத்ததோ இல்லையோ, முன்னுக்கும் போகாமல் பின்னுக்கும் வராமல் உதறியது. ஸ்டியரிங்கைத் திருப்ப முடியவில்லை. அடியில் எதுவோ டங்கென்று அடித்தது, எஞ்சின் நின்றுவிட்டது. போட்ட கியர் கழலவே இல்லை. அரும்பாடுபட்டுப் பின்னால் உருட்டிக் கொண்டுவந்து சேர்த்தார்கள். மறுநாள் கிருபானந்தம் மீசையைத் தடவிக்கொண்டு புது வண்டியில் வந்தான். அதே பாறை, அதே உதறல், அதே டங்.

அவள் அப்பாவுவைப் பட்டறையிலிருந்து இழுத்து வந்தாள். அவன் வண்டிக்கடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து கையைத் துடைத்தான்.

"ஆக்சிலுக்குள்ள சுத்துற பல்சக்கரம் இருக்குதில்ல, பட்டாளத்து வண்டிக்கு அதுல பல்லுக் கணக்கு வேறக்கா, புது வண்டிக்கு வேற. இப்ப ரெண்டு வண்டியிலயும் முன்னாடி ஒரு கணக்கு, பின்னாடி ஒரு கணக்கு. முன்சக்கரம் ஒரு வேகத்துல சுத்துது, பின்சக்கரம் ஒரு வேகத்துல சுத்துது. ஒண்ண ஒண்ணு புடிச்சி இழுத்துக்கினு நிக்குது."

"இது மாட்டும்போது உனக்குத் தெரியாதா?"

"தெரியும்கா. பெரிய மனுசங்க தீர்ப்பு சொன்னப்புறம் நான் இன்னா பேசறது?"

அவளுக்கு அவனை அங்கேயே அறையலாம் போலிருந்தது. தெரிந்தவன் வாயை மூடிக்கொண்டான், தெரியாதவன் தீர்ப்பு சொன்னான். நடுவில் அவளுடைய வருஷத்துப் பாடு வெயிலில் குவிந்து கிடந்தது. தலைச்சுமையாக இறக்கலாமென்றால், சீசனில் கூலிக்கு ஆள் எங்கே கிடைக்கும்?

மூத்தவனிடம் போனாள். பழையபடி மாற்றிப் போட்டால் தீர்ந்தது என்றாள். "தீர்ப்பு வேணும்னு குதிச்சவன் அவன்தானே? அவன் வந்து கேக்கட்டும், ஞானம்" என்றான். இளையவனிடம் போனாள். "அவரு கேக்கட்டும்கா. நான் எதுக்கு எறங்கிப் போவணும்?" என்றான்.

பாலையா வீட்டுப் படியேறினாள்.

"சபை கூடிச் சொன்னத மாத்தினா நாளைக்கு எவன் மதிப்பான்?" என்றார் அவர்.

"மாங்கா அழுவிப்போவுது மூப்பரே."

"ஜெபம் பண்ணிக்கோம்மா."

அவள் ஜெபம் பண்ணவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குள் போகவும் இல்லை. அப்பமும் ரசமும் கொடுக்கிற இராப்போஜன ஆராதனை, எப்படியும் வெயில் உச்சிக்கு வந்த பிறகுதான் முடியும். வெளியே புங்கமரத்தடியில் அண்ணன் ஜீப் ஒரு பக்கம், தம்பி ஜீப் ஒரு பக்கம், ஒன்றுக்கொன்று முகம் திருப்பி நின்றன. அப்பாவுவும் இரண்டு ஆட்களும் ஜாக்கியோடு வந்து தயங்கினார்கள்.

"கோயில் வாசல்லயாக்கா? அவங்க என்னைத் தொலைச்சிடுவாங்க."

"அன்னிக்கு அவங்க சொன்னாங்கன்னு செஞ்ச இல்ல? இன்னிக்கு நான் சொல்றேன். கழட்டு."

உள்ளே பாஸ்டர் சகோதர ஐக்கியத்தைப் பற்றி உருக்கமாகப் பேசிக்கொண்டிருந்தார். வெளியே ஒவ்வொரு போல்ட்டாகக் கழன்றது.

மணியடித்துக் கதவு திறந்தபோது இரண்டு ஜீப்பும் பின்பக்கம் கருங்கல்லின்மேல் உட்கார்ந்திருந்தன. பின் ஆக்சில்கள் இரண்டும் வாசற்படிக்குக் குறுக்கே கிடந்தன. வெள்ளையும் சள்ளையுமாக வெளியே வந்த சபை அப்படியே நின்றுவிட்டது.

"என்னம்மா இது, பரிசுத்த நாளும் அதுவுமா?" என்றார் பாலையா.

வருஷா வருஷம் முதல் பறிப்பில் ஒரு கூடை மூப்பருக்குப் போகும். இந்த வருஷக் கூடையை விடியற்காலையிலேயே மலையிலிருந்து தலையில் சுமந்து வந்திருந்தாள். அதை நீட்டினாள். அவரும் பழக்கதோஷத்தில் இரண்டு கையாலும் வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அடியிலிருந்து புளித்த சாறு ஒழுகி அவர் ஜிப்பாவில் இறங்கியது.

"மேல நல்லது, அடியில அழுவல்" என்றாள். "பாதிக்குப் பாதி. யாருக்கும் கொறை இல்ல."

கூடையைக் கீழே வைக்கக்கூடப் பாலையாவுக்குத் தோன்றவில்லை.

அவள் உடன்பிறந்தவர்கள் பக்கம் திரும்பினாள். "அவங்கவங்களுது அவங்கவங்க மாட்டிக்கினு இன்னிக்கே மலையேறணும். இல்லன்னா அடுத்த ஞாயித்துக்கெழம இஞ்சினை எறக்குவேன். நான் சொன்னா செய்வேன்னு ரெண்டு பேருக்கும் தெரியும்."

அசரியா இரண்டு இரும்பையும் மாறி மாறிப் பார்த்தான். "இதுல எதுக்கா என்னுது?" என்றான்.

"ஒழுவுதே, அதான்" என்றான் கிருபானந்தம், வேறெங்கோ பார்த்துக்கொண்டு. பங்கு பிரித்த நாளிலிருந்து தம்பியிடம் அவன் பேசிய முதல் பேச்சு அதுதான்.

அசரியா வேட்டியை மடித்துக் கட்டி ஒரு முனையைப் பிடித்தான். ஒற்றை ஆளால் அசையவில்லை. பிறகு கிருபானந்தம் செருப்பைக் கழற்றிவிட்டு மறுமுனைக்குக் குனிந்தான். பாஸ்டர் முகம் மலர்ந்தது. "பாத்தியாம்மா, கர்த்தர் எப்படிச் சேத்து வெச்சாரு" என்றார்.

அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"அவரு சேக்கல ஐயா" என்றாள். "என் பாதித் தோப்பு அழுவித்தான் இதுங்க ரெண்டும் குனிஞ்சிது. அந்தப் பாதிய யாரு கணக்குல எழுதுவீங்க?"

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஜாக்கியை எடுத்து அப்பாவு கையில் கொடுத்தாள்.