ஒருத்தனுக்காக நிற்கும் வண்டி

கண்டக்டர் மறுபடியும் கட்டிலை விட்டு இறங்கிவிட்டார். முதியோர் வார்டு சிஸ்டர் மாத்திரை வண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தபோது, மனிதர் வாக்கரைத் தொடாமல், கை இரண்டையும் வீசிக்கொண்டு பாத்ரூம் பக்கம் போய்க்கொண்டிருந்தார். அவள் ஓடிப்போய் இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"பெல்லை எதுக்குய்யா தலையணையில கட்டி வெச்சிருக்கேன்? அழகுக்கா?"

"ஓடற பஸ்ல எதையும் பிடிக்காம நின்னு டிக்கெட் கிழிச்சவன்மா நான். அசையாத தரையிலயா விழுவேன்?"

அசையாத தரையில் விழுந்துதான் வந்திருந்தார். வீட்டுக் குளியலறையில் வழுக்கி, இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் ஆகி, இப்போதுதான் எழுந்து நிற்கிறார். வீடோ மாடியில், லிஃப்ட் கிடையாது. இன்னொரு தடவை விழுந்தால் படியேறுகிற பேச்சுக்கே இடமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். புருஷனும் பெண்டாட்டியுமாகக் காலமெல்லாம் குடியிருந்த வீட்டைக் காலி செய்துவிட்டு, மகள் வீட்டு ஹாலில் ஒண்டிக்கொள்ள வேண்டியதுதான். பார்க்க வரும்போதெல்லாம் அவர் மனைவி சிஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டு, "இவரை நடக்க வெச்சு அனுப்பிடுவீங்கல்ல?" என்று கேட்பார். அனுப்பிவிடுகிறேன் என்று இவளும் வாக்குக் கொடுத்துத் தொலைத்திருந்தாள்.

அவள் பார்க்காத வழி பாக்கியில்லை. கட்டிலை முடிந்தமட்டும் தாழ இறக்கி, சக்கரங்களைப் பூட்டினாள். வழுக்காத சாக்ஸ் மாட்டிவிட்டாள். கண்ணாடி, தண்ணீர், போன் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. காலை மாத்திரைகளில் ஒன்று உடம்பிலுள்ள நீரை இறக்குவது. போட்ட கொஞ்ச நேரத்தில் அவசரம் வரும் என்று தெரிந்து, போகும்போதும் வரும்போதும் கேட்பாள். "பாத்ரூம் போகணுமாய்யா?"

"வேண்டாம்மா, நீ உன் வேலையைப் பாரு."

அவள் முதுகைத் திருப்ப வேண்டியதுதான், மனிதர் பூனை மாதிரி இறங்கிவிடுவார்.

அன்றைக்கு அவள் கோபத்தை மென்று விழுங்கிவிட்டு, ஸ்டூலை இழுத்துப்போட்டு எதிரில் உட்கார்ந்தாள். "சொல்லுங்கய்யா. பெல்லை அமுக்க அப்படி என்ன கஷ்டம்?"

கண்டக்டர் போர்வையை நீவிவிட்டுக்கொண்டார்.

"பெல் அடிச்சா வண்டி நிக்கும்மா. உள்ள ஒருத்தன் ஆபீசுக்குப் போறான், ஒருத்தி காய்ச்சக்காரப் புள்ளையத் தூக்கிட்டுப் போறா. என் ஒருத்தனோட அவசரத்துக்கு அத்தனை பேரையும் காக்க வைக்கறதா? சர்வீஸ்ல ஒருநாள்கூட எனக்காக வண்டியை நிறுத்தினதில்ல. பல்லைக் கடிச்சுக்கிட்டு ஸ்டாண்டு வரைக்கும் போயிடுவேன்." வார்டைக் கையால் சுற்றிக் காட்டினார். "இங்கயும் வண்டி நிறைய ஆளு. நீ ஒருத்திதான்."

இத்தனை நாளும் திமிர் என்று நினைத்து அவள் மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தது, அவருக்கு அவள் மேலிருந்த இரக்கமாம். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமாகவும் இருந்தது. இந்த மனிதரிடம் பெல்லைப் பற்றிப் பேசிப் பிரயோஜனமில்லை என்று புரிந்துவிட்டது.

"பெரிய ஸ்டாப்பிங்ல வண்டி எப்படி? யாராவது பெல் அடிக்கணுமா?"

"எதுக்கு? அங்க இறங்கினாலும் இறங்காட்டியும் நின்னுதான் போகணும்."

"அப்பக் கேட்டுக்குங்க. மாத்திரை போட்ட பிறகு ஒரு ஸ்டாப்பிங். சாப்பாட்டுக்கு முன்னால ஒண்ணு, டீக்கு அப்புறம் ஒண்ணு. நானே வந்து நிப்பேன். யாரும் யாரையும் கேக்க வேண்டாம்."

கண்டக்டர் முகத்தில் பல்ப் எரிந்தது. டைம் என்று வந்துவிட்டால் அவருக்கு மறுபேச்சு கிடையாது. அவள் வந்து நின்றதும் கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு, தலைசுற்றல் தெளியும்வரை உட்கார்ந்திருப்பார். பிறகு வாக்கரைப் பிடித்து எழுந்து, "ரைட்" என்பார். எதிர்க்கட்டில் தையல்காரரும் மூலையிலிருந்த வாத்தியாரும் அந்த ஸ்டாப்பிங்குகளில் சேர்ந்துகொண்டார்கள். "அடுத்தது பாத்ரூம். ஒவ்வொருத்தரா இறங்குங்க, முண்டியடிக்காதீங்க" என்று கண்டக்டரின் குரல் காரிடார்வரை கேட்கும். வார்டு டவுன் பஸ்ஸாகிவிட்டது என்று டாக்டரே அலுத்துக்கொண்டார்.

ஒருநாள் பக்கத்து அறையில் ஒருவருக்கு மூச்சுத் திணறல். சிஸ்டரால் நகர முடியவில்லை. மாத்திரை ஸ்டாப்பிங் தாண்டிக்கொண்டிருந்தது; அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. டாக்டர் வந்து சேர்ந்த நேரத்தில், விடாமல் ஒரு பெல் அடித்தது. கண்டக்டர் கட்டில். பெல்லே தொடாத மனிதர் அடிக்கிறாரென்றால் விழுந்துதான் கிடக்கிறார் என்று நினைத்து ஓடிவந்தாள்.

கண்டக்டர் கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். கட்டைவிரல் பெல்லில். கண் எதிர்க்கட்டிலில். அங்கே தையல்காரர் பாதி எழுந்து, சாப்பாட்டு மேஜையைப் பிடித்துக்கொண்டிருந்தார். மேஜைக்குச் சக்கரம், அது நகர்ந்துகொண்டிருந்தது.

"வண்டி இன்னும் நிக்கல. இறங்காதீங்க. உக்காருங்க முதல்ல" என்று அதட்டினார் கண்டக்டர். அந்த அதட்டலுக்குப் பணிந்து தையல்காரர் பொத்தென்று கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

சிஸ்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தையல்காரரைப் பாத்ரூமுக்குக் கூட்டிப்போய்க் கொண்டுவந்து படுக்க வைத்தாள். போர்வையைச் சரிசெய்துகொண்டிருக்கும்போது முதுகுக்குப் பின்னால் மறுபடியும் பெல் அடித்தது. சின்னதாக, ஒரே ஒரு தடவை.

திரும்பிப் பார்த்தாள். கண்டக்டர் அசடு வழியச் சிரித்தார்.

"இங்கதானேய்யா நிக்கறேன். வாயால கூப்பிட்டா போதாதா?"

"எனக்காக அடிச்சாலும் நிக்குமான்னு பாத்தேன்."

"நின்னுடுச்சு. இறங்குங்க" என்றாள். கண் கலங்கியதைக் காட்டிக்கொள்ளாமல் வாக்கரை எடுத்து முன்னால் வைத்தாள்.

அந்த வாரமே அவர் நடந்து வீட்டுக்குப் போனார். படியையும் கைப்பிடியைப் பிடித்துத்தான் ஏறினாராம். பிறகு மாத்திரை வாங்க வந்த அவர் மனைவி, சிஸ்டரைத் தேடிப்பிடித்துப் புகார் சொன்னார்.

"சைக்கிள் பெல் ஒண்ணைக் கட்டில்ல மாட்டி வெச்சிருக்கார். நான் அடுப்புல எதையாவது வெச்சா போதும், உடனே அடிக்கறார்."

"ரொம்பத் தொந்தரவு பண்றாரா?"

அந்த அம்மாள் மாத்திரைப் பையை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"இத்தனை வருஷக் குடித்தனத்துல தனக்குன்னு ஒரு டம்ளர் தண்ணி கேட்டதில்ல சிஸ்டர் அந்த மனுஷன். அடிக்கட்டும். அடுப்பை அணைச்சுட்டுப் போறேன்."