பவளத் தொட்டியில் பேத்தை மீன்

அக்கா நான்கு வருடமாக உயிர்ப் பவளம் வளர்த்த கண்ணாடித் தொட்டிக்குள் அத்தான், உடம்பை ஊதிப் பெருக்கும் பேத்தை மீன் ஒன்றை வாங்கி விட்டார். பவளத்தைக் கடிக்கும், வேண்டாமென்று கடைக்காரர் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"வயிறு நெறஞ்சா அது ஏன் பவளத்தைக் கடிக்கப் போகுது?" என்று மூன்று வேளையும் ஓடு உரித்த இறாலை ஊட்டினார். அந்த மீனுக்குப் பல் வளர்ந்துகொண்டே இருக்கும். ஓடு மாதிரி கெட்டியானதைக் கடித்தால்தான் தேயும். மேதைக்கு அது மட்டும் தெரியவில்லை. இரண்டே மாதத்தில் மீன் பாதிப் பவளத்தைக் கொறித்து மொட்டையாக்கியது.

"சும்மா விளையாடுதும்மா" என்றார் அத்தான்.

"ஒண்ணு அது போகணும், இல்ல நீங்க போகணும்" என்றாள் அக்கா.

அத்தான் யோசித்தார். அக்கா மீனை வாளியில் பிடித்து, கடையிலேயே திருப்பிக் கொடுக்கச் சொல்லி அவர் கையில் கொடுத்தாள். வாசலில் நின்று கேட்டார்: "இதை எப்படி வளர்க்கணும்னு கடைக்காரருக்கு எழுதிக் கொடுக்கட்டுமா?"