சாத்திய கதவு

அப்பாவைப் பார்த்துக்கொள்ள வந்த நான்காவது ஆள் அவள். முதல் மூவரையும் நான்தான் விரட்டினேன். "இவங்களும் வேணாம்னா எங்ககிட்ட வேற ஆள் இல்லம்மா" என்று ஏஜென்சிக்காரி கறாராகச் சொல்லிவிட்டாள்.

வாதம் வந்து அப்பாவுக்கு வலப்பக்கம் விளங்காமல் போய் ஐந்து மாதம். பேச்சும் குழறல்தான். ஆள் இல்லையென்றால் நான் வேலையை விட வேண்டும். அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிட முடியுமா? எண்ணெய் பாட்டிலில்கூட அளவு தெரியப் பேனாவால் கோடு போட்டு வைத்திருந்தேன்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவள் அப்பாவின் அறைக்கதவைச் சாத்திக்கொள்கிறாள் என்று பக்கத்து வீட்டுத் தையல்காரி சொன்னாள். அவளோ என்னிடம், "ஐயா தட்டைக் காலி பண்ணிட்டாருக்கா" என்பாள். இரவில் நான் ஊட்டினால் மூன்று வாய்க்கு மேல் இறங்காத மனுஷன்! யார் காதில் பூ சுற்றுகிறாள்? அவள் கன்னம் வேறு நாளுக்கு நாள் உப்பிக்கொண்டு வந்தது.

"கதவை ஏன் சாத்தற?"

"ஐயாதான் சாத்தச் சொன்னாரு."

"பேச்சே வராதவரு சொன்னாராக்கும்!"

அவள் தரையைப் பார்த்தாள். திருட்டு முழி என்று முடிவு கட்டினேன்.

மறுநாள் அரை நாள் விடுப்புப் போட்டு, கொல்லைப்பக்க ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். அப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கழுத்தில் துண்டு. பிடி வழுக்காமல் துணி சுற்றிய கரண்டி, இடக்கையில். பாதி துண்டில் சிந்தியது, மீதி வாய்க்குள் போனது. அவள் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு துணி மடித்தாள். ஒருமுறைகூடத் திரும்பவில்லை.

என் முழங்கால் வாளியில் இடித்தது. திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி வாயைப் பொத்திக்கொண்டேன். சத்தம் கேட்டு அவள் வெளியே வந்தாள்.

"உங்க முன்னாடி சிந்த அவருக்குக் கூச்சம்க்கா. வாயைத் தொற, வாயைத் தொறன்னு அதட்டுறீங்களாம்."

"அவரா சொன்னாரு?"

"கையாலதான். ரெண்டு மூணு தடவை காட்டினாரு, புரிஞ்சுது."

அழுகை வந்தது. அதைவிடப் பொறாமை வந்தது. ஆறு வாரத்து ஆளுக்குப் புரிந்தது எனக்குப் புரியவில்லையே.

அன்று இரவு தட்டை அப்பா முன் வைத்துவிட்டு, அலமாரியைப் பார்த்து நின்றுகொண்டேன். கரண்டி தட்டில் உரசியது. உண்மையில் சாப்பிடுகிறாரா? பாழாய்ப்போன புத்தி. திரும்பிப் பார்த்துவிட்டேன்.

கரண்டி பாதியில் நின்றது. அப்பா அதைத் தட்டில் வைத்துவிட்டு, இடக்கையை நீட்டிக் கதவைக் காட்டினார்.

வெளியே போய்ச் சாத்திக்கொண்டேன்.