உபயம் எழுத இடமில்லை

கமிட்டி அறைக்குள் டாக்டர் ஜெசிந்தா நுழைந்ததுமே தலைவர் சேக் தாவூது சட்டைக் கையை மடக்கிவிட்டுக் கையை நீட்டினார். ஏலக்காய் வியாபாரி. உத்தமபாளையத்து வியாபாரிகள் சேர்ந்து இந்த டிரஸ்ட் ஆஸ்பத்திரியைக் கட்டியபோது முதல் ஆளாகப் பணம் போட்டவர்.

"வந்ததுதான் வந்தீக, பிரஷரை ஒரு தடவை பாத்துருங்க டாக்டரம்மா."

பக்கத்து நாற்காலியில் பொருளாளர் ராஜா முகம்மதுவும் கையை மடக்கிக்கொண்டு தயாராக இருந்தார். ஜெசிந்தாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேச வந்தது என்ன, நடப்பது என்ன? இருந்தாலும் இருவருக்கும் பார்த்தாள்.

ராயப்பன்பட்டிக்காரி அவள். இந்த ஆஸ்பத்திரிக்கு இருக்கும் ஒரே இதய டாக்டர். பெரியவர்களுக்கு மாரடைப்பு வந்தால் கேத் லேப்பில் வைத்துக் குழாய் விட்டு அடைப்பை எடுத்துவிடுவாள். குழந்தைகளின் இதயத்தில் பிறக்கும்போதே இருக்கும் ஓட்டையை, நெஞ்சைத் திறக்காமல் அதே போலக் குழாய் விட்டு அடைக்க மட்டும் அவள் கற்றதில்லை. அந்தக் குழந்தைகளையெல்லாம் மதுரைக்கு அனுப்ப வேண்டியிருந்தது. கற்றுக்கொள்ள லண்டனில் ஓர் ஆஸ்பத்திரி ஒரு வருடத்துக்கு இடம் கொடுத்திருந்தது. இடம்தான் கொடுத்தார்கள், சம்பளம் கிடையாது. அங்கே தங்கவும் சாப்பிடவும் ஆகும் செலவுக்கு யாராவது பொறுப்பேற்க வேண்டும். டிரஸ்டின் உறுதி இன்று மாலைக்குள் போய்ச் சேராவிட்டால் இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

ஆறேழு மாதத்துக்கு முன்னால் இதே அறையில்தான் "தாராளமா போயிட்டு வாங்க" என்று கை தட்டினார்கள். மறுநாளே பஸ் ஸ்டாண்டில் பிளெக்ஸ் ஏறிவிட்டது. குழந்தைகளின் இதய சிகிச்சை கற்க லண்டன் செல்லும் எங்கள் டாக்டரை வாழ்த்துகிறோம்! கமிட்டிக்காரர்கள் அத்தனை பேரும் அதில் ஆளுயரத்துக்குச் சிரித்தார்கள். ஜெசிந்தா ஒரு மூலையில் ஸ்டாம்பு அளவுக்கு இருந்தாள். பிளெக்ஸுக்குப் பணம் உடனே கிடைத்தது. பயணத்துக்குத்தான் இன்றுவரை கிடைக்கவில்லை.

"பாய், இன்னைக்குத்தான் கடைசி நாள்" என்றாள்.

"அதைத்தாம்மா நாங்களும் பேசிக்கிட்டிருந்தோம்" என்றார் தாவூது. "நம்ம ஆளுக என்ன கேக்குறாகன்னா, குடுக்குற காசுக்கு உபயம்னு பேரை எங்கன எழுதுறது?"

விளையாட்டுக்குக் கேட்கிறார் என்றுதான் நினைத்தாள். மனிதர் முகத்தில் விளையாட்டே இல்லை. இந்த ஆஸ்பத்திரியில் பெயர் எழுதாத பொருள் கிடையாது. ஃபேனில் இறக்கைக்கு ஒரு பெயர். டியூப்லைட்டுகளில் எழுதியிருக்கும் பெயர்களைத் தாண்டி வெளிச்சம் கீழே வருவதே பெரிய பாடு.

"ஆளு மேல எழுத முடியுமா? நீங்களே சொல்லுங்க" என்றார் தாவூது.

"என் கோட்டு முதுகுல எழுதுங்க பாய். அத்தன பேரு பேரையும் எழுதுங்க, போட்டுக்கிட்டுத் திரியிறேன்."

கோபத்தில் சொன்னாள். தாவூது வாய்விட்டுச் சிரித்தார். ராஜா முகம்மது மட்டும் உண்மையாகவே யோசித்தார்.

"லண்டன்ல தமிழ் யாருக்கும்மா படிக்கத் தெரியும்?"

திரும்பி வந்து இங்கேயே வேலை பார்ப்பதாகப் பத்திரம் எழுதித் தருவதாகவும் சொல்லிப் பார்த்தாள்.

"உங்க மேல நம்பிக்கை இல்லாமயா?" என்று பதறினார் தாவூது. "நீங்க ஒரு வருசம் போயிட்டா எங்க நெஞ்சை யாரு பாப்பாக? அதையும் யோசிக்கணும்ல. அதான், அந்தக் காசுல வாசல்ல ஒரு வளைவு கட்டிருவோம்னு முடிவு பண்ணிருக்கோம். கம்பம் ரோட்டுல பஸ்ஸுல போறவுக கண்ணுக்கும் எங்க பேரு தெரியும்."

டீ வருவதற்குள் எழுந்து வந்துவிட்டாள். திட்டுகிறவர்களிடம் சண்டை போடலாம். இப்படித் தலையில் தூக்கி வைத்துக்கொண்டே காலை வாருகிறவர்களிடம் என்ன செய்வது?

அவளுடைய அறை வாசலில் கோம்பையிலிருந்து வந்த சாஜிதா, மகள் ஜன்னத்தைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். ஓட்டையோடு பிறந்த குழந்தை. ஆறேழு மாதத்துக்கு முன்னால் ஜெசிந்தாதான் பார்த்து மதுரைக்கு எழுதிக் கொடுத்திருந்தாள். குழந்தை இப்போது இன்னும் மெலிந்து, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. எக்கோ எடுத்துப் பார்த்தாள். ஓட்டை அப்படியே இருந்தது. இதயம் வீங்கியிருந்தது, நுரையீரலில் அழுத்தம் ஏறத் தொடங்கியிருந்தது. இன்னும் தள்ளிப்போட்டால் மதுரையிலும் அடைக்க முடியாமல் போய்விடும்.

"மதுரைக்குப் போகலையா? காப்பீட்டுல இலவசமாவே பண்ணுவாகன்னு சொன்னேன்ல!"

"கெளம்புனோம் டாக்டரம்மா. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்துட்டோம். அங்கன உங்க போர்டு வச்சிருந்தாக. நம்ம டாக்டரம்மாவே படிச்சுட்டு வாறாகன்னா, தெரியாத ஊருல போயி எதுக்குப் பிள்ளையக் குடுக்கணும்னு இவ அத்தா திரும்பிட்டாக." சாஜிதா ஆசையோடு கேட்டாள். "படிச்சு முடிச்சுட்டீகளா?"

ஜெசிந்தா குழந்தையை வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று கமிட்டி அறைக்கே போனாள். டீ குடித்துக்கொண்டிருந்த தாவூதின் மடியில் குழந்தையை உட்கார வைத்து, அவருடைய உள்ளங்கையை அதன் நெஞ்சில் பதித்துப் பிடித்தாள். உங்கள் பிளெக்ஸைப் படித்துவிட்டு மதுரைக்குப் போகாமல் காத்திருந்த குழந்தை இது என்றும் சொன்னாள்.

தாவூதின் முகம் மாறியது. "என்னம்மா இது, உள்ளுக்குள்ள மோட்டார் ஓடுற மாதிரி அதிருது!" அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "இதுக்கு என்ன மெஷின் வேணும்? சொல்லுங்க. நாளைக்கே வாங்கிருவோம்."

மனிதருக்கு இரக்கம் இல்லாமல் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"மெஷினெல்லாம் இருக்கு பாய். கத்துக்கிட்ட கைதான் இல்ல."

தாவூது பொருளாளரைப் பார்த்தார். ராஜா முகம்மது தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வளைவுன்னு தீர்மானம் போட்டாச்சேம்மா. இனி எல்லாரும் கூடித்தான மாத்தணும். அடுத்த கூட்டத்துல இதையே முதல் விசயமா எடுத்துக்குவோம்."

ஜெசிந்தா குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். மதுரைக்கு அவளே போன் செய்து பேசி, ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸை வாசலுக்கு வரவழைத்தாள். சாஜிதா ஏறவில்லை, ஒரு காலைப் படியில் வைத்தபடி தயங்கி நின்றாள்.

"இத்தன நாளு பொறுத்தாச்சு. நீங்க போயிட்டு வார வரைக்கும் இருக்கோமே டாக்டரம்மா."

"நான் எங்கயும் போகல சாஜிதா" என்றாள் ஜெசிந்தா. "நீ போ."