மால்சுன் பின்னோக்கி நடக்கிறாள்

1

இந்தக் கதை எனக்கு ஓர் ஏரிக்கரையில் கிடைத்தது. லாஸ் ஏஞ்சலஸில் எங்கள் கொரியாக்காரர்கள் காலையில் சுற்றி நடக்கும் ஏரி. எங்கள் என்கிறேன், அவ்வளவு காலமாக அவர்கள் நடுவே குடியிருக்கிறேன். தினமும் பெஞ்சில் பேசாமல் உட்கார்ந்திருப்பேன். ஒரு நாள் ஒரு பெண், கணவனின் முகத்தைப் பார்த்தபடி, பின்னோக்கி நடந்து போனாள். நான் கண்டது அவ்வளவுதான். மீதியெல்லாம் நானாகக் கட்டியது.

2

முதல் தொடக்கம்: "மால்சுனுக்கு முழங்கால் வலி ஆரம்பித்த அந்த..." வேண்டாம். வலியில் தொடங்கினால் கதை கடைசிவரை நொண்டும்.

இரண்டாவது: "சலவைக் கடையை மகன் ஹேவோனிடம் ஒப்படைத்த மறுநாள்..." [ஹேவோனுக்கு இந்தக் கதையில் வேலை கிடையாது. அப்பாவும் அம்மாவும் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொள்ள அவன் பெயர் வேண்டும், அதற்காக இருக்கிறான்.]

நேராகவே சொல்லிவிடுகிறேன். கடையில் நின்று நின்றே மால்சுனின் முழங்கால் தேய்ந்துவிட்டது. பின்னோக்கி நடந்தால் வலி தெரியவில்லை. முதுகில் கண் இல்லையே, அதனால் தோழி குவோன் எதிரே வந்து வழி சொல்வாள். குவோன் இப்போது மகளோடு அட்லாண்டாவுக்குப் போய்விட்டாள். வேறு கண் கிடைக்காவிட்டால் நடை நின்றுவிடும். நடை நின்றால் ஆபரேஷன்தான்.

3

"ஹேவோன் அப்பா, நாளைக்கு நீங்க வாங்களேன்."

தொக்பே பார்லித் தண்ணீரை வைத்துவிட்டு மனைவியைப் பார்த்தார். "நண்டுகூட பக்கவாட்டுலதான் போகுது. நீ பின்னாடி போவியா? பார்க்கிறவன் சிரிப்பான்."

"சிரிக்கட்டும். இத்தனை நாள் குவோன் அக்கா என்கூட வரலையா?"

"அது பொம்பளைங்க கூத்து."

"சரி. ஆபரேஷன் பண்ணிட்டு நான் படுத்துக்கிறேன். சோறு நீங்களே பொங்கிக்குங்க."

தொக்பே கிம்ச்சி ஊறுகாயை வெகுநேரம் மென்றார். "எத்தனை மணிக்குக் கிளம்பணும்?"

[சோற்றுக்காகவா மனம் மாறுவார்? எனக்கும் சந்தேகம்தான். ஆனால் பெஞ்சிலிருந்து பார்த்திருக்கிறேன். கணவன் கூட வருகிற பெண் மழையிலும் வருகிறாள். "சோறு எங்கே?" என்று போன் வருகிற பெண் பாதிச் சுற்றில் திரும்புகிறாள், பிறகு ஒரு நாள் வராமலே போகிறாள். இருக்கட்டும், சோறே இருக்கட்டும்.]

4

தொக்பே எப்போதும் மனைவிக்கு முன்னால் நடக்கிறவர். விமானத்திலிருந்து இறங்கிய அன்றும் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டேதான் மால்சுன் அமெரிக்காவுக்குள் வந்தாள். இன்று முகம் மறைக்கும் வெயில் தொப்பியை மேலே தள்ளிவிட்டு, இங்கே நடக்கிற கொரியப் பெண்களின் உடற்பயிற்சி வழக்கப்படி கைதட்டிக்கொண்டே பின்னோக்கி நடக்கிறாள்.

"என்னைப் பார்க்கிறீங்களா, பாதையைப் பார்க்கிறீங்களா?"

"ரெண்டும் ஒரே பக்கம்தானே இருக்கு."

"மூக்கு முடியை வெட்டுங்க. இத்தனை வருஷம் முதுகையே பார்த்தேனா, தெரியாமப் போச்சு."

"வாயை மூடிட்டு நட. இடது பக்கம் வாத்து," என்றார், உதடு அசையாமல்.

"என்ன முணுமுணுப்பு? நான் கை தட்டுறேன்ல, கத்தினாத்தான் கேக்கும். வெக்கமா இருந்தா சொல்லுங்க, நாளையிலேருந்து வரல. வீட்டுலயே உக்காந்துக்கிறேன்."

அப்போதுதான் எதிரே, அவளுக்குப் பின்னால், அவருடைய சர்ச் சிநேகிதர்கள் மூன்று பேர் வந்தார்கள். அவர்களுக்கும் அவளுக்கும் நடுவே பாதையைப் பிளந்துகொண்டு ஒரு பெரிய வேர்.

5

முடிவு ஒன்று: தொக்பே கத்துகிறார், வாத்துகள் பறக்கின்றன, சிநேகிதர்களும் கைதட்டி... இல்லை. இவ்வளவு நல்ல சிநேகிதர்கள் யாருக்கு இருக்கிறார்கள்?

முடிவு இரண்டு: அவர் இருமிச் சமாளிக்கிறார். அவள் தடுக்கி, சமாளித்து, திரும்பி, பழையபடி அவர் முதுகுக்குப் பின்னால்... இதை எழுதக் கை வரவில்லை.

முடிவு மூன்று... [யோசித்துக்கொண்டே இருந்ததில் மால்சுன் நடந்துகொண்டிருக்கிறாள் என்பதை மறந்துவிட்டேன்.]

வேர் நெருங்கிவிட்டது. சிநேகிதர்கள் தொக்பேயைக் கண்டு வணக்கம் சொல்லக் கையைத் தூக்கிவிட்டார்கள். தொக்பே மூச்சை இழுத்து வாயைத் திறந்துவிட்டார். நான் பெஞ்சில் பேசாமல் உட்கார்ந்தே பழகியவன், கத்துவேன் என்று என்னை நம்ப வேண்டாம். என்னால் ஆனது, கடைசி வாக்கியத்தை முடிக்காமல் விடுவது. அதுவரை அவள் கால் தரையைத் தொடாது. அதற்குள் அவர் கத்தாவிட்டால் நீங்கள் கத்துங்கள். கைதட்டிக்கொண்டே, கணவனின் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, மால்சுன் வலது காலைப் பின்னால்