காற்று அடித்த வியாழக்கிழமை

ஆலை கேட் ஓரத்துக் கொட்டகையில் கூலியாட்கள் அத்தனை பேரும் அண்ணாந்து பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். கிள்ளான் கடலோரத்துக் காற்றாடிகள் அசைவேனா என்று நின்றன. அவை சுற்றினால் மின்சாரம். அந்த மின்சாரத்தில் தண்ணீரைப் பிரித்தால் ஹைட்ரஜன் எரிவாயு. எரிவாயு வந்தால்தான் அதைச் சிலிண்டரில் நிரப்பும் இவர்களுக்குக் கூலி. காத்திருப்பதற்குச் சல்லிக்காசு கிடையாது.

எல்லாரும் காற்று வர வேண்டுமென்று வேண்ட, புனிதா அது வராமல் தொலையட்டும் என்று வேண்டினாள். அவள் கணவன் பாலனுக்கு இன்று டயாலிசிஸ். சர்க்கரை வியாதியில் ஒரு காலை எடுத்தாயிற்று. அவள் தூக்கி உட்கார வைத்தால்தான் காரில் ஏறுவான். பத்து மணிவரை காற்றில்லை என்றால் வீட்டுக்கு விட்டுவிடுவார்கள். பதினொன்றுக்குச் சென்டருக்குப் போய்விடலாம். போன வாரம் இதற்காகவே வேலைக்கு வரவில்லை. இன்னொரு தடவை நின்றால் ஆளை நிறுத்திவிடுவார்கள்.

ஆலை எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டுமென்று கணக்குப் போட்ட இன்ஜினியர் ரிஷி கோப்பியோடு வந்தான்.

"தம்பி, காத்து அடிக்கிறப்ப கேஸ சேத்து வச்சுக்கிட்டா தெனமும் வேலை இருக்கும்ல?" என்று கேட்டாள் புனிதா.

"இருக்கும்க்கா. அதுக்குப் பெரிய டேங்கி வேணும். வருசத்துக்கு ஒரு மாதிரி காத்து அடிக்குது. கொறஞ்சா டேங்கி காலியா நிக்கும், கம்பெனிக்கு லாஸ் லா. அதான் டேங்கிய சின்னதாக்கிட்டு, காத்து வர்றப்ப ஆளுங்கள வச்சு ஓட்டுறோம். ஸ்டாண்ட்பை ஆளுக்குச் செலவில்ல பாருங்க."

நல்ல பையன்தான். ஒளிக்காமல் சொன்னான். உங்களுக்கும் ஒரு கோப்பி வாங்கவா என்றுகூடக் கேட்டான்.

பத்தாகக் கொஞ்ச நேரம் இருக்கும்போது இறக்கையொன்று சோம்பல் முறித்தது. கொட்டகையில் விசில் பறந்தது. பாழாய்ப்போன காற்றுக்கு வேறு நாளே கிடைக்கவில்லை.

புனிதா சூப்பர்வைசர் பக்கிரிசாமியிடம் ஓடினாள்.

"அண்ணே, இன்னிக்கு அவருக்கு டயாலிசிஸ். என்னை விட்ருங்கண்ணே."

"தெரியும் புனிதா. விட்டா கம்பெனிக்காரன் நாளைக்கு ஒன்ன வரவேணாம்பான். அப்புறம் டயாலிசிஸ் காசுக்கு எங்க போவ?"

"கொஞ்சம் பொறுங்க, வந்துடறேன்" என்று பாலனுக்குப் போனில் சொன்னாள். தீப்பொறி பயத்தால் போனை உள்ளே விடமாட்டார்கள். காவலரிடம் கொடுத்துவிட்டுப் போனாள். சிலிண்டரில் குழாயை மாட்டினாள், நிரம்பியதும் கழற்றி அடுத்ததில் மாட்டினாள். காற்று ஓயவேயில்லை.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோது, பாலன் சட்டைக்குக் கழுத்துவரை பொத்தான் போட்டுச் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். முகம் உப்பியிருந்தது.

"சென்டருக்குப் பேசுனீங்களா?"

"எடத்த வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்களாம். சனிக்கிழமை வரச் சொல்றாங்க." மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டான். "காத்து நல்லா அடிச்சிச்சா?"

"அடிச்சிச்சுங்க."

"அப்ப சரி."

அவள் மண்டியிட்டு, காலையில் அவனே மாட்டிக்கொண்ட சப்பாத்தைக் கழற்றப் போனாள். பாதத்தில் நீர் கோத்துச் சப்பாத்து இறுகிப்போயிருந்தது. மெதுவாக இழுத்தாள். பலமாக இழுத்தாள். பிறகு அடுப்படியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து வந்து, சப்பாத்தின் ஓரத்தைக் கத்தரிக்கத் தொடங்கினாள்.